விழுந்தது

டிங். அவ்வளவுதானே. கல்லெறிந்தானா, கொடியைக் கிழித்தானா, யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்டினானா, ஒன்றும் இல்லை, நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்து மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை விட்டான், அதுவும் விளையாட்டுக்கு, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒரு டிங், என்று கஸ்பார் பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். எதிர் பெஞ்சில் அவனுடைய அப்பா, படகு இன்ஜின் பழுதுபார்க்கிற சூசைராயன், உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். அப்பா பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார், ஓட்டுப் போடப் போகிறோமே என்று காலையில் தானே இஸ்திரி போட்டது, ஒரு கை மட்டும் சரியாகப் படியவில்லை. இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் ஏழாம் வகுப்பின் வாசல். உள்ளே நீலத் திரை, திரைக்குப் பின்னால் இரண்டு டிரம், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், இரண்டின் வாயையும் இப்போதுதான் அரக்கு உருக்கி அடைத்திருந்தார்கள், அந்த வாசனை வராந்தா வரைக்கும் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. தலைநகரத்துப் படகு வர வேண்டும். வந்தால் டிரம் இரண்டும் ஏறும், அப்பாவும் ஏறுவார். அதற்குள் அவன் சொல்லிவிட வேண்டும், நான்தான் என்று. ரொம்பச் சின்ன வாக்கியம். அதைவிடப் பெரியதையெல்லாம் அவன் அநாயாசமாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் அதெல்லாம் வேறு யாருடைய குரலிலோ சொன்னது.

பெருங்கரைக்கு உட்பட்ட முத்தீவுக் குடியரசில் ஓட்டுக்குக் காகிதம் கிடையாது, கோலிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த காலத்தில் யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு, இன்றைக்கு எல்லாரும் போனில் படித்துக் கிழித்தாலும் அதை மாற்ற யாருக்கும் மனசில்லை. உள்ளே போகிறவர் கையில் ஒரு கோலியைக் கொடுப்பார்கள், வேண்டிய டிரம்மின் குழாயில் போட்டால் அது உருண்டு போய் உள்ளே தொங்குகிற மணியில் மோதும், டிங், வெளியே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காதுக்காரர் "விழுந்தது" என்பார், அடுத்த ஆள். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் முகம் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று கண்ணை மூடச் சொல்லியிருக்கிறது சட்டம். ஒரு ஆளுக்கு ஒரு மணி. இரண்டு கேட்டால் அந்த ஆள் வெளியிலிருந்து கோலி கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்று அர்த்தம், அந்த அறையின் டிரம் இரண்டையும் அரக்கு வைத்து மூடிவிடுவார்கள், பிறகு திறக்கவே மாட்டார்கள், ஆளுக்கு இரண்டு வருஷம் ஜெயில். கஸ்பாரின் ஊரான சங்குத்துறையில் இதுவரை அப்படி நடந்ததே இல்லை. பெயருக்கு இது பார்லிமென்ட் தேர்தல்தான், ஆனால் பார்லிமென்டில் யார் உட்கார்ந்தால் என்ன, மஞ்சள் ஜெயித்தால் தனிநாடு, பச்சை ஜெயித்தால் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருங்கரையோடு இப்போது போலச் சேர்ந்தே கிடப்பது, வேறு பேச்சே இல்லை மூன்று மாதமாக. கஸ்பாருக்கு அது பொற்காலம். மஞ்சள் வேட்பாளர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, "நம் கடல்! நம் காற்று! நம் கருவாடு!" என்பான், உடனே தோளைத் தொங்கப்போட்டு பச்சை வேட்பாளராகி, "பிரிஞ்சு போங்க, தாராளமாப் போங்க, கரண்டு மட்டும் எங்க கம்பியிலதான் வருது" என்பான், படகுத்துறையே விழுந்து விழுந்து சிரிக்கும். பங்குச்சாமியாரின் இருமல், ரேடியோக்காரியின் வானிலை அறிக்கை, குக்கர் விசில், ஆடு, ஹெட்மாஸ்டர், ஆட்டைத் துரத்தும் ஹெட்மாஸ்டர். ஊரில் அவனை யாரும் கஸ்பார் என்று கூப்பிடுவதில்லை, மைனா. பதினைந்து வயசுக்கு அவன் கொண்டிருந்த சொத்து அந்த ஒரு வாய்தான். வாக்குச்சாவடி ஒத்திகைக்கு டிரம் வந்திறங்கிய அன்றைக்கே மணிச் சத்தத்தையும் அவன் பிடித்துவிட்டான், ஒரு வாரம் வீட்டில் அதே வேலை, சோற்றில் அம்மா உப்புப் போட்டால் டிங், அப்பா செருப்பைக் கழற்றினால் டிங். அப்பாவும் சிரித்தாரே. சிரித்தாரா, இல்லை இன்ஜின் பாகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா தலையை ஆட்டினாரா. அதுதான் ஞாபகம் வரவில்லை, இப்போது அது ஒன்றுதான் தெரிய வேண்டும், அப்பாவுக்கு அந்த டிங் ஞாபகம் இருக்கிறதா.

அந்த டிங் நடந்தபோது அப்பா திரைக்குப் பின்னால் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மற்றவர்கள் போனால் செருப்புச் சத்தம், உருளும் சத்தம், டிங், விழுந்தது. அப்பா போனார், செருப்புச் சத்தம் கேட்டது, அதோடு சரி. திரைக்கு அடியில் அவர் கால் இரண்டும் தெரிந்தன, ஒரு பக்கம் திரும்பின, நின்றன, மறுபக்கம் திரும்பின, நின்றன. கஸ்பாருக்கு அந்தக் கால் பேசியது நன்றாகவே புரிந்தது, வீட்டில் தினமும் கேட்கிற பேச்சுதான். மஞ்சள் பக்கம் திரும்பினால் அம்மா. "நம்ம மீனுக்கு அவன் விலை போடுறான், நம்ம ஐஸுக்கு அவன் விலை போடுறான், நாளைக்கு நம்ம பொணத்துக்கும் அவன்தான் விலை போடுவான்" என்று அம்மா திரேசம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வாள். பச்சைப் பக்கம் திரும்பினால் ரெஜினா அக்கா, பெருங்கரையில் கட்டிக்கொடுத்த மூத்தவள், வயிற்றில் எட்டு மாதம். தனிநாடு ஆனால் நடுவில் இருக்கிற கடல் எல்லை ஆகிவிடும், மகள் வீட்டுக்குப் போக பாஸ்போர்ட், விசா, வரிசை. "பிள்ளையப் பாக்க மனுப் போடணுமாடி?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார், அம்மா நறுக்குவதை நிறுத்தினாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதனால் கால் திரும்பியது, நின்றது, திரும்பியது. வரிசைக்கு இதெல்லாம் தெரியுமா, வெயில், புழுக்கம். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்திருந்த பிலோமினாக்காதான் ஆரம்பித்தாள், "என்ன சூசையண்ணே, உள்ளேயே குடித்தனம் போட்டுட்டியளா, பாய் தலகாணி அனுப்பவா?" பின்னாலிருந்து யாரோ, "கோலிய மிட்டாயின்னு நெனச்சு முழுங்கிட்டாரு போல." சிரிப்பு. எல்லாரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற கஸ்பார் பக்கம் திரும்பினார்கள். "ஏலே மைனா, உங்கப்பனத் தட்டி எழுப்புல." அந்த முகங்கள். பொங்குவதற்கு ஒரு நிமிஷத்துக்கு முந்தைய பால் மாதிரி விளிம்பு வரைக்கும் வந்து நின்ற அந்தச் சிரிப்பு. யாராயிருந்தாலும் செய்திருப்பார்கள். யாராலும் செய்திருக்க முடியாது, அவன் ஒருத்தனால்தான் முடியும், உதடுகூட அசையாமல், அதுதான் விஷயம். டிங். காதுக்காரர் பூபாலன் மூடிய கண்ணோடு, "விழுந்தது." எழுத்தர் பென்சிலால் கோடு போட்டு, "அடுத்தது வாங்க." பிலோமினாக்கா திரையில் கைவைத்தாள், சூசையண்ணன் ஒருவழியாகப் போட்டுவிட்டார் என்று சிரிப்பு கூரையில் முட்டியது, அந்தச் சிரிப்புக்குள்ளே திரைக்குப் பின்னாலிருந்து, தெளிவாக, டிங். "விழுந்த…" என்று ஆரம்பித்த பூபாலன் கண்ணைத் திறந்தார். அத்தனை தேர்தலில் அவர் கண்ணைத் திறந்து அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள், கடைசியில் ஒரு கிழவர் மட்டும் விஷயம் புரியாமல் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி எபநேசர் சாருக்குச் சளி, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார், "எத்தனை போட்டீங்க?" "நீங்க ஒண்ணுதானே சார் குடுத்தீங்க." "மணி ரெண்டு அடிச்சுதே." அப்பா தன் வலது கையைப் பார்த்தார். பிறகு சொன்னார், "எனக்கும் கேட்டுது சார்." இந்த இடத்தில்தான் கஸ்பாரின் மனசு முள்ளில் மாட்டின வலை மாதிரி மாட்டிக்கொண்டது, எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. எனக்கும் கேட்டுது. அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரியும். முதல் டிங் யாருடையது என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறார், பையனைக் காட்டிக்கொடுக்காமல் விழுங்கிக்கொண்டு சொல்கிறார். இல்லை, தெரியாது, தெரிந்திருந்தால் ஒரு தடவையாவது நிமிர்ந்து அவனைப் பார்த்திருப்பார், அறைந்திருப்பார், அறைந்தாலாவது நன்றாயிருக்கும். இல்லை, தெரிந்ததால்தான் பார்க்கவில்லை, பார்த்தால் போலீஸ்காரரும் அந்தப் பக்கம் பார்ப்பார். எனக்கும் கேட்டுது. அந்த 'உம்' எதற்கு. யாரோ கூட்டத்திலிருந்து, "டிரம்மத் திறந்து எண்ணிப் பாத்தாத் தெரிஞ்சிருமே சார், ஒரு கோலி கூட இருக்கா இல்லையான்னு" என்றார்கள். "ரெண்டு மணி கேட்ட டிரம்மைத் திறக்கக் கூடாது." "திறக்காம எப்படி சார் தெரியும்?" "தெரியவே வேண்டாம்யா, சந்தேகம் போதும்னு சட்டம்" என்று எபநேசர் சார் தும்மினார், அந்தத் தும்மல் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று கஸ்பாரின் மூக்குக்குள் ஒருவன் தன்னை அறியாமல் குறித்துக்கொண்டான், ஹா-ஹா-ஹுப், சே, இப்போதா, இப்போதுமா. அவனுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது. இதே மாதிரிதான் அப்பாவின் கையையும் குறித்துக்கொண்டான். போன மழைக்காலத்திலிருந்து அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது, ஸ்பேனர் நழுவிக் கடலில் விழும், டம்ளர் நழுவி முற்றத்தில் விழும், "இந்தக் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்று அதை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். கஸ்பார் வகுப்பில் டீ டம்ளரைப் பிடித்து அப்படியே செய்து காட்டினான், தளும்பத் தளும்ப, ஒரு சொட்டு சிந்தாமல். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அப்பா காதுக்குப் போய்விடும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுகூட அவன் சொல்லவில்லை.

அம்மா வந்தாள். மஞ்சள் சேலை, காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுக் கட்சிப் பந்தலில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு வந்தாள். அழவில்லை. வராந்தா நடுவில் நின்று அதிகாரியைப் பார்த்து, "சார், இந்த மனுசனை எனக்கு இருபத்தி மூணு வருசமாத் தெரியும், ரெண்டு தோசைக்கு மேல வேணும்னு கேக்கவே கூச்சப்படுவாரு, ரெண்டு ஓட்டுப் போடுற தைரியம் இவருக்கு எங்கருந்து சார் வரும்?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "மணி பொய் சொல்லாதும்மா" என்றார் பூபாலன், மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, சட்டைக் கையின் படியாத மடிப்பை ஈர விரலால் நீவிவிட்டாள், அது திரும்ப எழுந்தது, திரும்ப நீவினாள். ஊர் முற்றத்தில் நின்றது. பச்சைக்காரர்களும் மஞ்சள்காரர்களும் கலந்து நின்றார்கள், இனி சண்டை போட்டு என்ன, சங்குத்துறை போட்ட அத்தனையும் அந்த இரண்டு டிரம்முக்குள் அரக்குக்குக் கீழே போய்விட்டது, நாடு பிரிந்தாலும் சேர்ந்தாலும் அதில் சங்குத்துறைக்கு ஒரு வார்த்தையும் இல்லை, எல்லார் கண்ணும் சூசைராயன் மேல். சொல், இப்போது சொல். எந்தக் குரலில் சொல்வது. கஸ்பார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ரேடியோக்காரி: தென்மேற்குத் திசையில் நிலைகொண்டிருந்த மணியோசையானது சூசைராயன் மகனால் எழுப்பப்பட்டது. சாமியார்: க்ஹும், என் பாவமே, என் பாவமே. மஞ்சள் வேட்பாளர்: நம் டிங்! எல்லாம் வந்தன, கூப்பிடாமலே வந்து முண்டியடித்தன, அவற்றையெல்லாம் விலக்கிவிட்டு அடியில் துழாவினால் கஸ்பாரின் குரல் என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே. கொஞ்ச நாளாக அது உடைந்து வேறு கிடந்தது, ஒரு வார்த்தை கீச்சென்றும் அடுத்த வார்த்தை தகர டப்பா மாதிரியும் வரும், அதனாலேயே சொந்தக் குரலில் பேசுவதையே அவன் குறைத்திருந்தான். படகு ஊதியது. நிஜப் படகா, தான் ஊதினோமா என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகம். எழுந்துவிட்டான். கால் எழுப்பிவிட்டது.

"சார், அது நாந்தான்." பாதி கீச்சு, பாதி டப்பா. எபநேசர் சார் திரும்பினார். "என்னது?" "மொத மணி நான் அடிச்சது சார். வாயால." முற்றத்தில் பிலோமினாக்கா, "அடப்பாவி, இந்த நேரத்துலயும் உனக்கு வெளாட்டாலே?" என்றாள், ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒரு கணக்கு ஓடியது, அவள்தானே இரண்டு மணிக்கும் நடுவில் திரையில் கை வைத்திருந்தவள், அவன் அதைப் பார்த்தான், அக்கா, யோசிங்க, அக்கா. பூபாலன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "தம்பி, எங்கப்பாரு காதுக்காரரு, அவருக்கப்புறம் நான். மணிக்கும் மனுச வாய்க்கும் வித்தியாசம் தெரியாமலா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?" எபநேசர் சார் கைக்குட்டையை எடுத்துவிட்டு முதல் தடவையாக அவனை முழுசாகப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், அதுதான் கொடுமை. "சரி. அடிச்சுக் காட்டு." அப்பா நிமிர்ந்தார், இப்போதுதான் நிமிர்ந்தார், தலையை மெல்ல இரண்டு பக்கமும் அசைத்தார், வேண்டாம் என்றா, உனக்கு ஏன்டா இது என்றா, இல்லை கழுத்து வலித்ததா. கஸ்பார் நாக்கை மேலண்ணத்தில் வைத்தான். அங்கே ஈரமே இல்லை. அரக்குப் புகையும் வெயிலும் பயமும் சேர்ந்து வாய் முழுக்க மணல், நாக்கு ஒட்டிக்கொண்டது, பிரித்தான், மூக்கு வழியாகக் காற்றை விட்டான், "க்ங்" என்று ஒன்று வந்தது, தவளை மிதிபட்ட மாதிரி. மறுபடி. "ட்டுங்." குரல் நடுவில் உடைந்து சாக்கடைக்குள் விழுந்தது. யாரோ ஒருவர் தாங்க முடியாமல் சிரித்தார், அது போதும், முற்றம் முழுக்க வெடித்தது, பாவம், அவர்களும் எவ்வளவு நேரம்தான் இறுக்கமாக நிற்பார்கள், மைனா வாயைத் திறந்தால் சிரிப்பதென்பது அவர்களுக்குப் பழகிப்போனது. தண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்க சார், என்று சொல்ல வேண்டும், அதற்கும் வாய் வரவில்லை. பூபாலன் நிம்மதியாக உட்கார்ந்தார். "அப்பா மேல பாசம் சார்" என்றார். எபநேசர் சார் அவன் தோளைத் தட்டினார், "போ தம்பி. நல்ல பிள்ளை." அப்பா சொன்னார், "விடுங்க சார், சின்னப் பையன். அவன் இதுல இல்ல." அவன் இதுல இல்ல. தெரிந்துதான் சொல்கிறார். தெரிந்துதான். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு அமைதியாகச் சொல்ல அப்பாவால் முடியும் என்று அவனுக்குத் தெரியாது, அந்தக் குரலை மட்டும் தன்னால் எந்தக் காலத்திலும் செய்து காட்ட முடியாது என்று நினைத்தான், நீ எனக்காகப் போகிறாய், எனக்காகத்தான் போகிறாய் என்பதில் ஒரு கேவலமான ஆறுதல்கூட இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கூட்டத்தோடு கூட்டமாகப் படகுத்துறைக்கு நடந்தான்.

துறையில் காற்று. டிரம் இரண்டையும் சிவப்புத் துணி போர்த்திப் படகின் நடுவில் நிறுத்தினார்கள். அப்பாவை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள், அவருக்கு எதிரில் எபநேசர் சார், பின்னால் சாட்சி சொல்லப் பூபாலன். படகின் இன்ஜினை அப்பா ஒரு தடவை எட்டிப் பார்த்தார், பழக்கதோஷம், அதில் ஏதோ குறை கண்ட மாதிரி நெற்றியைச் சுருக்கினார், சொல்லவில்லை. கரையில் அம்மா துணிப்பை ஒன்றைப் போலீஸ்காரரிடம் கெஞ்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மாத்திரை இருக்குய்யா, காலையில ஒண்ணு, கையி நடுக்கத்துக்கு." கஸ்பார் துறையின் விளிம்பில், அலை அடிக்கிற கடைசிக் கல்லில் போய் நின்றான். சேர்ந்து இருந்தால் என்ன, பிரிந்தால் என்ன, இந்தத் தண்ணீர் இங்கேதானே இருக்கும் என்று சம்பந்தமில்லாமல் நினைத்தான், ரெஜினா அக்காவுக்கு யார் சொல்வது, போனில் எந்தக் குரலில் சொல்வது. கயிற்றை அவிழ்த்தார்கள். ஒரு அலை கல்லில் மோதி அவன் முகத்தில் தெறித்தது, உதட்டில் உப்பு, அழுதிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது, வாயெல்லாம் ஈரம். இன்ஜினை இன்னும் கிளப்பவில்லை. அந்த இடைவெளியில் நாக்கு தானாகப் போய் மேலண்ணத்தில் ஒட்டியது.

டிங்.

எவ்வளவு சுத்தமாக வந்தது. டிரம்முக்குள்ளிருந்து வந்த மாதிரியே, வெண்கலத்தின் அந்தச் சின்ன அதிர்வு உட்பட. படகில் பூபாலன் பழக்கத்தில் கண்ணை மூடி, "விழுந்தது" என்றார், சொன்ன பிறகு திடுக்கிட்டுச் சிவப்புத் துணியைப் பார்த்தார். எபநேசர் சாரும் டிரம்மைப் பார்த்தார். "படகு ஆடுதுய்யா, உள்ள கோலி உருளுது, வேற ஒண்ணுமில்ல, எடு" என்று தும்மினார். "நாந்தான்! இப்ப நாந்தான்! அப்பா!" என்று கஸ்பார் கத்தினான், சொந்தக் குரலில், உடைந்து, ஆனால் அதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது, அது எல்லாவற்றையும் மென்று விழுங்கியது. அப்பா மட்டும் பார்ப்பார். ஊரே நம்பாவிட்டாலும் அப்பாவுக்குத் தெரியும், இப்போது கரையைப் பார்ப்பார், கடைசிக் கல்லைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். சூசைராயன் கரையைப் பார்க்கவில்லை. டிரம்மையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் வலது கையை மெதுவாகத் திருப்பி, விரித்து, உள்ளங்கையைப் பார்த்தார், இன்னும் என்னவெல்லாம் செய்யப்போகிறாய் என்று கேட்பவர் மாதிரி. பிறகு அதை மூடி, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.